புது ஃப்ளாட் சாவி தருகிறேன், கடைசித் தவணை கட்டு என்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

கிழக்குவாசல்

வணக்கம் நண்பர்களே. மேடவாக்கத்துக்கும் பெரும்பாக்கத்துக்கும் நடுவில் ஸ்டில்ட் (தூண்களுக்கு நடுவில் கார் நிறுத்தும் கீழ்த்தளம்) பிளஸ் ஐந்து மாடிக் கட்டடம், மொத்தம் 40 வீடு. அதில் நான்காவது மாடியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். 95 சதவீதப் பணம் போய்விட்டது, அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். இப்போது பில்டர் ஆபீசிலிருந்து மெயில் வந்திருக்கிறது. வீடு தயாராம், மீதி 5 சதவீதம், ஒரு வருட மெயின்டனன்ஸ், கார்பஸ் தொகை (கட்டடத்தின் பொதுச் செலவுக்கான வைப்புநிதி) எல்லாவற்றையும் கட்டிவிட்டு வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். கூடவே ஒரு படிவம். "வீட்டை நேரில் பார்வையிட்டேன், அளவு, தரம், வேலைப்பாடு எல்லாம் முழுத் திருப்தி, இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள், கீழே என் கையெழுத்துக்கு இடம்.

பணி நிறைவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். சிஎம்டிஏவில் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அப்ளை பண்ணியாகிவிட்டது, வந்துவிடும் சார் என்கிறார்கள். கரன்ட் இப்போதைக்குக் கட்டுமான வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில்தான் ஓடுகிறது. முதலில் குடியேறுங்கள், மீட்டர் பின்னாடியே வரும் என்று சொல்கிறார்கள்.

வீட்டில் தை மாதம் கிரகப்பிரவேசம் என்று முடிவு பண்ணி சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. வாடகை வீட்டு ஓனரிடமும் காலி பண்ணுவதாகச் சொல்லிவிட்டோம். அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. 2014ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்ததிலிருந்து அவருக்கு அடுக்குமாடி என்றாலே பயம்.

என் கேள்விகள் இவை. வீட்டுக்குள் போய் எதை எப்படிச் சோதிப்பது? நான் ஐடி வேலை பார்ப்பவன், கட்டட வேலை தெரியாது. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா? சான்றிதழ் இல்லாமல் குடியேறினால் என்ன ஆகும்? அப்பாவின் பயத்துக்கு என்ன பதில் சொல்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொத்துக்கரண்டி

தம்பி, நான் சிவில் இன்ஜினியர், வீடுகளை ஒப்படைக்கும் முன் குறைப் பட்டியல் எடுப்பதுதான் பல வருடமாக என் வேலை. ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். புது வீடு பார்க்கப் போகிறவர்கள் முக்கால்வாசி நேரத்தைச் சுவரில் பெயின்ட் திட்டுத்திட்டாக இருக்கிறதா, கதவில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே செலவு செய்கிறார்கள். பெயின்ட்டை அடுத்த வருடம்கூடச் சரி பண்ணலாம். நீங்கள் தேட வேண்டியது தண்ணீர். எங்கே தேங்குகிறது, எங்கே கசிகிறது, எங்கிருந்து உள்ளே வருகிறது என்று பாருங்கள். குடியேறிய பிறகு வருகிற பெரிய தலைவலிகளில் பெரும்பாலானவை தண்ணீரில்தான் தொடங்குகின்றன, அதைச் சரிசெய்ய டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும், அதனால் வீட்டில் சாமான் இறங்கும் முன் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

முதல் வேலை பாத்ரூம். தரையில் தண்ணீர் போகும் குழியை மூடியிருக்கும் ஜாலியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் துணியைத் திணித்து அந்தக் குழியை இறுக்கி அடையுங்கள். இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள், முடிந்தால் இரண்டு நாள். இதில் பலர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. உங்கள் பாத்ரூம் கசிந்தால் அது தெரிவது மூன்றாவது மாடிக்காரர் சீலிங்கில். உங்கள் சீலிங்கை நனைக்கப்போவது ஐந்தாவது மாடி பாத்ரூம். அதனால் தனியாகச் சோதித்தால் பாதிதான் தெரியும், மேல் வீட்டுக்காரரையும் கீழ் வீட்டுக்காரரையும் பிடித்து மூன்று வீட்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் கட்டுங்கள். மறுநாள் போய் சீலிங்கைப் பாருங்கள், குழாய் சிலாபைத் துளைத்து இறங்குகிற இடத்தைத் தொட்டுப் பாருங்கள், பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெட்ரூமின் அடிச்சுவரையும் பாருங்கள். அங்கே ஈரமோ உப்புப் பூத்ததோ இருந்தால் போட்டோ எடுங்கள்.

அடைப்பை எடுத்த பிறகு வாட்டம், அதாவது தரையின் சரிவு. மூலையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் அது தானாக ஓடி ஜாலிக்குப் போக வேண்டும். கதவுப் பக்கம் வந்தாலோ நடுவில் குளமாக நின்றாலோ வாட்டம் தப்பு. பால்கனியிலும் இதையே செய்யுங்கள். பால்கனித் தரை ஹால் தரையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு சாய்த்து அடிக்கும் மழைக்கு அந்த ஒரு படிதான் காவல்.

ஜன்னல். வெளியே பைப் பிடிக்க முடிந்த ஜன்னலுக்கெல்லாம் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே வந்து கீழ் மூலைகளைப் பாருங்கள். ஸ்லைடிங் யுபிவிசி ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சிறிய துளைகள் இருக்கும். அதில் சிமென்ட்டும் பெயின்ட்டும் அடைத்திருப்பதை நான் பார்க்காத சைட்டே இல்லை. ஜன்னல் அடியில் போட்டிருக்கும் கிரானைட் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும்.

குழாய்களைத் தனித்தனியாகத் திறந்து பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் வரும். கிச்சன், இரண்டு பாத்ரூம், வாஷிங் மெஷின் குழாய் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு ஃப்ளஷ் பண்ணிப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து பத்து மீட்டர் கீழே இருந்தால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும், நான்காவது, ஐந்தாவது மாடிக்கு அது கிடைக்காது. பிரஷர் பம்ப் இருக்கிறதா, இல்லையென்றால் ஷவர் எப்படி வருகிறது என்று நின்று பாருங்கள். சிங்க்கை முழுசாக நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு அடியில் டார்ச் அடித்து சொட்டுகிறதா என்று பாருங்கள். பாத்ரூம் ஜாலியில் ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றுங்கள். மெதுவாக இறங்கினால் பைப்பில் சிமென்ட் கழிவு கிடக்கிறது என்று அர்த்தம்.

எலக்ட்ரிகலுக்கு மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் கடையில் கிடைக்கும், விலை பெரிதில்லை. அதை ஒவ்வொரு பிளக்கிலும் சொருகினால் எர்த் இருக்கிறதா, ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று காட்டிவிடும். டிபி பெட்டியில் (வீட்டுக்குள் மின்சாரம் பிரியும் பெட்டி) இருக்கும் ஆர்சிசிபியில் (மின்கசிவு இருந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) 30 எம்ஏ (மில்லி ஆம்பியர்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், டி என்ற பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அந்த வீட்டில் குழந்தையை விடாதீர்கள். ஒவ்வொரு எம்சிபியாக (தனித்தனி இணைப்புக்கான சிறிய பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கி எந்த அறை போகிறது என்று எழுதி வையுங்கள். ஆனால் தற்காலிக இணைப்பில் ஏசி, கீசர் லோடு எல்லாம் சேர்த்துச் சோதிக்க முடியாது, அது நிரந்தர மீட்டர் வந்த பிறகுதான், அதையும் பட்டியலில் "சோதிக்கவில்லை" என்று எழுதுங்கள்.

டைல்ஸை ஒரு குச்சியால் தட்டிக்கொண்டே போனால் அடியில் கலவை இல்லாத இடம் டொக் டொக் என்று வேறு சத்தம் கொடுக்கும். அதில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஓரத்தில் ஒன்றிரண்டு இருந்தால் பெரிய விஷயமில்லை, கிச்சனிலும் நடைபாதையிலும் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அதே பேட்ச் டைல்ஸ் ஒரு பெட்டி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கிடைக்கவே கிடைக்காது. கார் பார்க்கிங்கில் உங்கள் காரையே கொண்டுபோய் நிறுத்திப் பார்த்துவிடுங்கள், இரண்டு தூணுக்கு நடுவில் கதவைத் திறக்க முடியாத பார்க்கிங் நிறைய உண்டு.

அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். சுவரும் தூணும் சேரும் இடத்திலும், பீமுக்கு அடியிலும் நேர்கோடாக வரும் மெல்லிய விரிசல் இரண்டு வேறு பொருள்கள் காய்வதால் வருவது, ஆபத்தில்லை, ஆனால் வலை வைத்துப் பூசச் சொல்ல வேண்டும். ஏடிஎம் கார்டின் விளிம்பு உள்ளே போகும் அளவு விரிசல், அல்லது தூண், பீம், சிலாப் மேலேயே விரிசல், துருக்கறை இதில் எது இருந்தாலும் வெளியிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். அஸ்திவாரமும் கான்கிரீட்டும் எப்படி என்பதை யாரும் சும்மா பார்த்துச் சொல்ல முடியாது. மண் பரிசோதனை அறிக்கை, கான்கிரீட் கட்டிகளின் 28 நாள் சோதனை முடிவுகள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட சான்று இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒழுங்காகக் கட்டியவரிடம் இவை கோப்பில் இருக்கும், தரத் தயங்க மாட்டார்.

பத்திரம்பத்திரம்

மேடம் வீட்டுக்குள் பார்க்க வேண்டியதைச் சொல்லிவிட்டார், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன் சார்.

அந்தப் படிவத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். சாவியைப் பெற்றுக்கொண்டேன் என்பது வேறு, குறையே இல்லை என்று எழுதிக் கொடுப்பது வேறு, அவர்கள் இரண்டையும் ஒரே தாளில் வைத்திருக்கிறார்கள். 2016ம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை என்று நீங்கள் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் அந்த உரிமை ஒரேயடியாகப் போய்விடாது. ஆனால் நாளைக்குத் தகராறு என்று வரும்போது "பார்த்துத் திருப்தி என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்" என்று அதே தாளை நீட்டுவார்கள், அதற்குப் பதில் சொல்லியே காலம் போகும்.

அடுத்தது பணி நிறைவுச் சான்றிதழ். இதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019ன்படி உங்களுடையது மாதிரி 40 வீட்டுக் கட்டடத்துக்கு அது கட்டாயம். அது இல்லாமல் மின்வாரியம் நிரந்தர இணைப்பு கொடுக்காது, குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கும் அதே கதை. சிஎம்டிஏ ஆட்கள் வந்து அனுமதி பெற்ற வரைபடத்தின்படி கட்டியிருக்கிறதா என்று அளந்து பார்த்துத்தான் சான்றிதழ் தருவார்கள். அதனால் தாமதம் என்றால் ஏன் தாமதம் என்று கேட்க வேண்டும். சுற்றி விட வேண்டிய காலியிடத்தைக் குறைத்திருக்கலாம், பார்க்கிங்கில் ஒரு அறை எழுப்பியிருக்கலாம், மொட்டை மாடியில் கூடுதலாக ஏதாவது கட்டியிருக்கலாம். தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டால் விவரங்கள் வரும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், வித்தியாசம் இருந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்று, சட்டத்தில் வாங்குபவருக்கும் கடமை உண்டு. 19(10) பிரிவுப்படி சான்றிதழ் வந்த 2 மாதத்துக்குள் நீங்கள் வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழே வரவில்லை என்றால் அந்தக் கெடு தொடங்கவே இல்லை. "இந்தத் தேதிக்குள் எடுக்காவிட்டால் மெயின்டனன்ஸ் ஓட ஆரம்பிக்கும்" என்று மெயிலில் இருந்தால் இதைச் சொல்லிப் பதில் எழுதுங்கள்.

கடைசித் தவணையைப் பொறுத்தவரை கவனம். எதுவும் சொல்லாமல் நிறுத்தி வைத்தால் ஒப்பந்தப்படி தாமத வட்டி கேட்பார்கள், சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் கடைசித் தவணை எப்போது என்று எழுதியிருக்கிறது பாருங்கள். "ஒப்படைக்கும்போது" என்றிருந்தால், சான்றிதழ் நகல் கிடைத்ததும், குறைப் பட்டியலில் உள்ளவை சரியானதும் தருகிறேன் என்று மெயிலில் எழுதிவிட்டு நிறுத்துங்கள். வங்கியும் நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் கடைசித் தொகையை விடுவிக்கும், அந்தக் கடிதத்தை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். போனில் பேசுவது எதுவும் கணக்கில் வராது, பேசிய பிறகு "இன்று பேசியபடி" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

அளவையும் பாருங்கள். ரெரா சொல்லும் கார்பெட் ஏரியாவில் (வீட்டுக்குள் பயன்படும் தரைப் பரப்பு) உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவர், ஷாஃப்ட் (குழாய்கள் இறங்கும் இடைவெளி), பால்கனி சேராது. லேசர் டேப் வாடகைக்குக் கிடைத்தால் அறை அறையாக அளந்து ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் யுடிஎஸ் (மனையில் உங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடி என்பதையும் 40 வீட்டுக்கும் கூட்டினால் மொத்த மனைக்கு மேல் போகாமல் இருக்கிறதா என்பதையும் அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். வீட்டு விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீத டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும், கடைசித் தவணைக்கும் சேர்த்து.

சதுப்புநிலம்

பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருக்கிறேன். நீங்கள் சொல்லும் பகுதி எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் பார்ப்பதெல்லாம் சரி, நான்காவது மாடி என்பதால் வெள்ளம் நமக்கு வராது என்று நினைத்துவிடாதீர்கள். 2015லும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எங்கள் கட்டடத்தில் யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. ஆனால் ஸ்டில்ட்டில் தண்ணீர் நின்றது, கரன்ட் போனது, லிஃப்ட் நின்றது, சம்ப்பில் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) சாக்கடை கலந்தது. மூன்றாவது மாடியில் இருந்த முதியவர்களை நாங்கள் தூக்கிக்கொண்டுதான் இறங்கினோம்.

அதனால் கீழே போய்ப் பாருங்கள். மீட்டர் போர்டும் மெயின் பேனலும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன? ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது? சம்ப்பின் மூடி தரையோடு தரையாக இருந்தால் மழைநீர் நேராகக் குடிநீரில் இறங்கும், அது மேடாகக் கட்டி ரப்பர் வைத்து மூடியதாக இருக்க வேண்டும். லிஃப்ட் குழியில் இப்போதே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள், லிஃப்ட்டுக்கு லைசென்ஸ் வாங்கியாகிவிட்டதா என்றும் கேளுங்கள். வாசலில் ரோடு உங்கள் ஸ்டில்ட் தரையைவிட எவ்வளவு தாழ்வு என்று பாருங்கள்.

தென்சென்னையின் பல ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து ஒக்கியம் மடுவு வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் இந்தப் பக்கம் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறும். பில்டரிடம் கேட்டால் வெள்ளமே வராது என்பார். அந்தத் தெருவில் இஸ்திரி போடும் அண்ணனையும் டீக்கடைக்காரரையும் கேளுங்கள், மிக்ஜாமில் எதுவரை நின்றது என்று சுவரிலேயே கை வைத்துக் காட்டுவார்கள்.

அப்புறம் தினசரித் தண்ணீர். போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்துப் பாருங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் டிடிஎஸ் (இது வரி இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை. கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. இதைத் தாண்டினால் கீசர், குழாய், துணி, தலைமுடி எல்லாம் பாடுபடும், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு சாஃப்ட்னர் (கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். வெயில் காலத்தில் போர் வற்றினால் லாரித் தண்ணீர், அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேர்ந்ததா தனியா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். கழிவுநீருக்கு எஸ்டிபி (கட்டடத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம்) என்றால் அது ஓடும்போது போய்ப் பாருங்கள், நாற்றம் எந்த வீட்டு ஜன்னலுக்குப் போகிறது என்று தெரியும்.

இதையெல்லாம் ஒருவராகப் போய்க் கேட்டால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். உடனே 40 வீட்டுக்காரர்களையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். வீட்டு உரிமையாளர் சங்கம் பதிவாகக் காத்திருக்க வேண்டாம்.

துளசிமாடம்

தம்பி, கிரகப்பிரவேசத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். தேதியைத் தள்ள வேண்டாம். பூஜைக்காக ஒரு நாள் மட்டும் வீட்டைத் திறந்துவிடுங்கள், இது ஒப்படைப்பு ஆகாது என்று பில்டரிடம் மெயிலில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பாலைக் காய்ச்சி, நாலு பேருக்குச் சாப்பாடு போட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு வாடகை வீட்டுக்கே திரும்பி வாருங்கள். என் மகள் வீட்டுக்கு அப்படித்தான் செய்தோம், குடிபோனது சில மாதம் கழித்து. ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் டைல்ஸ் மேல் நேராக வைக்க விடாதீர்கள், மணல் பரப்பி அதன் மேல் இரண்டு வரிசை செங்கல் அடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் வெடிக்கும், பில்டர் அதைச் சாக்காகச் சொல்லுவார். வாடகை வீட்டு ஓனரிடம் இன்றே பேசி இன்னும் கொஞ்சக் காலம் கேளுங்கள். தயங்காமல் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

கிழக்குவாசல்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மேல் வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர் இருவரையும் பிடித்துச் சனிக்கிழமை மூன்று வீட்டிலும் தண்ணீர் கட்டினோம். ஞாயிறு போய்ப் பார்த்தால் எங்கள் பொது பாத்ரூம் சீலிங்கில், மேலிருந்து பைப் இறங்கும் இடத்தைச் சுற்றி ஈரம், தொட்டால் கையில் ஒட்டுகிறது. எங்களுடையது கீழே கசியவில்லை, நல்லவேளை. ஜன்னல் துளைகள் அக்கா சொன்ன மாதிரியே அத்தனையும் அடைத்துக் கிடந்தன. ஹாலில் டிவி சுவர் பக்கம் ஒரு வரிசை டைல்ஸ் வெற்றுச் சத்தம். ஆர்சிசிபி விழுந்தது, ஆனால் ஒரு பெட்ரூமில் இரண்டு பிளக்குக்கு எர்த் இல்லை. விரிசல் எல்லாமே பீமுக்கு அடியில் நேர்கோடுதான், கார்டு நுழையவில்லை. கான்கிரீட் சோதனை அறிக்கையும் மண் பரிசோதனையும் கேட்டதும் மறுநாளே அனுப்பிவிட்டார்கள். அப்பா அதைத் தெரிந்த இன்ஜினியர் ஒருவரிடம் காட்டிவிட்டு வந்து இப்போது கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறார்.

குழுவில் இதுவரை 26 வீட்டுக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் சேர்ந்து சான்றிதழ் கேட்டு ஒரே மெயில் போட்டோம். பார்க்கிங்கில் கட்டிய செக்யூரிட்டி அறை வரைபடத்தில் இல்லையாம், அதை இடித்துவிட்டு மறுபடி ஆய்வுக்குக் கூப்பிடுவதாக இப்போதுதான் ஒத்துக்கொள்கிறார்கள்.

பாக்கி இரண்டு சந்தேகம். படிவத்தை மாற்ற மாட்டோம், எல்லோரும் இதில்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்கிறார்கள். என்ன எழுதிக் கொடுப்பது? அப்புறம் பாத்ரூம் கசிவுக்கு மேல் வீட்டில் டைல்ஸ் இடுக்கில் கிரவுட் (இடுக்கை அடைக்கும் கலவை) போட்டு இரண்டு நாளில் முடித்துவிடுகிறோம் என்கிறார் சைட் சூப்பர்வைசர். அது போதுமா?

பத்திரம்பத்திரம்

படிவத்தை அவர்கள் மாற்ற வேண்டாம் சார், நீங்கள் உங்கள் கையெழுத்துக்கு மேலே பேனாவால் எழுதுங்கள். "இணைப்பில் உள்ள குறைகளுக்கு உட்பட்டும், ரெரா சட்டம் 14(3)ன் கீழ் எனக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்காமலும் சாவியை மட்டும் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி, "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியை அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். குறைப் பட்டியலில் ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் ஆளின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அதையும் ஏற்க மறுத்தால் சாவியை வாங்காமல் வந்து, மறுத்தார்கள் என்று அன்றைக்கே மெயில் போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ரெராவில் படிவம் எம் மூலம் புகார் கொடுக்கலாம், 26 பேர் கையில் ஒரே மாதிரி ஆவணம் இருக்கும்போது பெரும்பாலும் அதுவரை போகாது. இதெல்லாம் சான்றிதழ் வந்த பிறகு. அதற்கு முன் சாவியே வாங்க வேண்டாம், பூஜை நாள் தவிர.

கொத்துக்கரண்டி

டைல்ஸ் இடுக்கில் போடும் கிரவுட் போதாது தம்பி, ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரம் பைப்பைச் சுற்றித்தான் வருகிறது என்றால் கசிவு டைல்ஸ் இடுக்கில் இல்லை, பைப் சிலாபைத் துளைக்கும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி டைல்ஸை உடைத்து, பழைய கலவையைச் சுரண்டி எடுத்து, சுருங்காத கிரவுட்டால் (இது வேறு வகைக் கலவை) ஓட்டையை அடைத்து, அதன் மேல் வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட் கொடுத்து, அதைச் சுவரில் ஒரு அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் மறுபடி டைல்ஸ் ஒட்ட வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன் ஒரு தடவை, ஒட்டிக் காய்ந்த பிறகு ஒரு தடவை தண்ணீர் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல் வீட்டுக்காரருக்கும் இது நல்லதுதான், அவரையும் நிற்கச் சொல்லுங்கள்.

உங்கள் சீலிங்கில் அந்த ஈரக் கறை மேல் இப்போதைக்குப் பட்டி பார்க்கவோ பெயின்ட் அடிக்கவோ விட வேண்டாம், அடித்துவிட்டால் கசிவு நின்றதா என்று தெரியாமல் போகும். பென்சிலால் கறையின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதி போட்டோ எடுத்து வையுங்கள். இரண்டாவது சோதனைக்குப் பிறகும் கறை அந்தக் கோட்டைத் தாண்டாமல் முழுக்கக் காய்ந்திருந்தால் பெயின்ட்டுக்கு விடலாம். எர்த் இல்லாத அந்த இரண்டு பிளக்கையும் நீங்கள் நேரில் நிற்கும்போது கழற்றி வேலை பார்க்கச் சொல்லி, டெஸ்டரை உங்கள் கையாலேயே சொருகிப் பாருங்கள்.